ஃபைனல் இல்லாத போட்டி: கோவைக்கு ஐ-லீக் பட்டம் வந்த ஆண்டு

கால்பந்து லீக்கில் பொதுவாக ஃபைனல் கிடையாது. கோப்பைப் போட்டிகளைப் பார்த்தே பழகியவர்களுக்கு முதலில் குழப்புவது இதுதான். காலிறுதி, அரையிறுதி என்று படியேற வேண்டியதில்லை. ஒருநாள் தோற்றால் பெட்டி கட்டவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை ஆடும். ஒன்று சொந்த ஊரில், இன்னொன்று எதிராளியின் ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஆடி முடித்ததும் யாரிடம் புள்ளி அதிகமோ அவர்தான் சாம்பியன்.

விதி இவ்வளவுதான். அது ஒரு பருவம் முழுக்க எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2018–19 பருவத்தை விடப் பொருத்தமான உதாரணம் நமக்குக் கிடையாது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டத்தை முதன்முதலாக வென்ற பருவம் அது. பெயர் சென்னை சிட்டி எஃப்சி. சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்.

அந்த ஆண்டு 11 அணிகள். ஆளுக்கு 20 ஆட்டம், மொத்தம் 110. எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டும். ஆகவே பருவத்தின் நடுவில் புள்ளிப்பட்டியலைப் பார்க்கும்போது யார் எத்தனை புள்ளி என்பதோடு நிறுத்தக் கூடாது. யார் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்ற பத்தியையும் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டம் குறைவாக ஆடியவர் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தால் அவர் உண்மையில் பின்தங்கியவரா என்று சொல்ல முடியாது.

ஊர்களையும் கவனியுங்கள். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு பழம்பெரும் கிளப்புகள். ஐஸ்வால், இம்பால், ஷில்லாங் என்று வடகிழக்கிலிருந்து மூன்று. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா, பஞ்சாபின் மினர்வா, இளம் வீரர்களுக்காகக் கால்பந்து சம்மேளனமே நடத்திய இந்தியன் ஆரோஸ். இவற்றோடு புதுவரவாக ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர். ஸ்ரீநகர் குளிரில் ஆடிவிட்டு கோழிக்கோட்டுப் புழுக்கத்தில் ஆட வேண்டும் என்றால் வெளியூர் ஆட்டம் எவ்வளவு கடினம் என்று தெரியும். வெளியூரில் கிடைக்கும் ஒரு டிராவை அணிகள் கொண்டாடுவது அதனால்தான்.

முந்தைய பருவத்தில் சென்னை சிட்டி எட்டாம் இடம். அந்த அணியை சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வேறு மாதிரி ஆட வைத்தார். பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு தட்டி முன்னேறும் ஆட்டம். அதற்கென்றே ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்தார்கள். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார். பருவம் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கை. வெளிநாட்டு வீரர்களைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். ஆனால் எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின், அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் வாராவாரம் ஓடி உழைக்காமல் அந்த ஆட்டம் நடந்திருக்காது. 20 ஆட்டங்களில் 48 கோல் அடித்த அணி அது.

இனி கடைசி நாளுக்கு வருவோம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் பட்டம் அன்றே உறுதியாகியிருக்கும். சர்ச்சில் பிரதர்ஸிடம் 2–3 என்று தோற்றதால் கணக்கு கடைசி நாள்வரை இழுத்தது. 2019 மார்ச் 9: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவைக்கு வந்தது முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். ஒரு முடிவு தெரிந்த பிறகு இன்னொரு அணி அதற்கேற்ப ஆடிவிடக் கூடாது என்பதற்காக உலகெங்கும் லீக்குகள் கடைசி நாளில் இப்படித்தான் செய்கின்றன.

கோவையில் ஆரம்ப நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் சென்னை சிட்டி 0–1. தோற்றால் 40 புள்ளியிலேயே நிற்கும். கோழிக்கோட்டில் 0–0, அப்படியே முடிந்தால் ஈஸ்ட் பெங்காலுக்கும் 40. புள்ளி சமமானால், அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது அன்றைய ஐ-லீக் விதி. நவம்பரில் கொல்கத்தாவிலும் ஜனவரியில் கோவையிலும் சென்னை சிட்டிதான் 2–1 என்று ஜெயித்திருந்தது. எனவே தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பட்டியலின் உச்சியில் இருந்தது அவர்கள்தான். நவம்பரில் வாங்கிய வெற்றி மார்ச்சில் வந்து தோள் கொடுத்தது. லீக்கின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார்: 41. பிறகு, கோல் அடிப்பது முதல் வேலையாக இல்லாத கௌரவ் போரா ஒன்று அடித்தார்: 43. கிட்டத்தட்ட அதே வேளையில் கோழிக்கோட்டில் கோகுலம் முந்த, ஈஸ்ட் பெங்கால் 39க்கு இறங்கியது. முடிந்தது என்று நினைத்தவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் அதிர்ச்சி. ஈஸ்ட் பெங்கால் ஒரு பெனால்டி, தொடர்ந்து இன்னொரு கோல் என்று 2–1க்கு வந்துவிட்டது: 42. இப்போது கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் போட்டு டிரா ஆக்கினால் சென்னை சிட்டிக்கு 41தான். கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். கடைசியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் போரா இன்னொரு கோல் அடித்து 3–1 ஆக்கிய பிறகுதான் ஸ்டேடியத்துக்கு மூச்சு வந்தது. கடைசியில் 43க்கு 42.

அறிமுகப் பருவத்திலேயே மூன்றாம் இடம் பிடித்த ரியல் காஷ்மீரின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. பிப்ரவரியில் காஷ்மீரின் புல்வாமாவில் தாக்குதல் நடந்த பிறகு மினர்வா ஸ்ரீநகருக்குப் போகவில்லை; ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டில்லிக்கு மாறியது. சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடும் வாய்ப்பைப் பறிகொடுத்தும் அந்த அணி மேலே நின்றது. அடியில் ஷில்லாங் லஜோங் தரமிறங்கியது. லீக்கில் உச்சியைப் போலவே அடிவாரத்திலும் போர் நடக்கும். கீழே போனால் வருமானமும் வீரர்களும் கைவிட்டுப் போகும் என்பதால் அங்கே பதற்றம் இன்னும் அதிகம்.

பட்டம் வென்றவருக்கு என்ன கிடைத்தது? ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஓர் இடம். அங்கே பஹ்ரைனின் ரிஃபா கிளப்பிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்கள். உள்நாட்டிலோ, 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) 2019இலேயே முதல்நிலை லீக்காக அறிவிக்கப்பட்டு, ஐ-லீக் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. கோவையில் பட்டம் வென்ற அதே ஆண்டில், வென்ற அணி தானாகவே ஒரு படி கீழே போனது. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஐ-லீக் சாம்பியன் ஐஎஸ்எல்லுக்கு உயரலாம் என்ற விதி 2022–23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தி முதலில் மேலே போனது பஞ்சாப் அணி. சென்னை சிட்டியோ 2020–21க்குப் பிறகு ஐ-லீக்கில் ஆடவே இல்லை. எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும் ஜேசுராஜ் கோவா எஃப்சிக்கும் ஐஎஸ்எல் ஆடப் போனார்கள்.