மண் பிசையும் கைக்கு எத்தனை கருவி வேண்டும்?

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, மானாமதுரை பக்கம் போகிறவர்களுக்குக் கண்மாய்க்கரை அய்யனார் கோயில்கள் புதிதல்ல. அங்கே நிற்கும் மண் குதிரைகளில் சில ஆள் உயரத்தையும் தாண்டும். அதைச் செய்கிற வேளாரிடம் இருக்கும் சாமான்களை எண்ணிப் பாருங்கள்: தட்டுவதற்கு ஒரு மரப்பலகை, உள்பக்கம் தாங்கிப் பிடிக்க ஓர் உருண்டைக் கல், மூங்கில் சீவல், நூல், ஈரத்துணி. பெரும்பாலான வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஆன்லைனில் தேடினாலோ, களிமண் பொம்மை செய்ய இருபது, முப்பது உருப்படிகள் கொண்ட 'செட்' வந்து நிற்கிறது. விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் பிள்ளைகள் அதைக் கேட்டு அடம்பிடிப்பார்கள். வாங்கலாமா?

அதற்கு முன் குதிரை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். புரவி எடுப்புக்கு ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண் கொடுத்து வேலையை ஒப்படைப்பதைத்தான் 'பிடிமண்' என்கிறோம். முதலில் கால்கள். மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, நான்கு குழாய்களாக எழுப்புகிறார்கள். உள்ளே கல்லை ஏந்திக்கொண்டு வெளியே பலகையால் தட்டத் தட்ட, மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறும்; வளையங்கள் ஒன்றோடொன்று இறுகும்; சுவர் ஒரே கனத்துக்கு வரும். கீழே உள்ளது சற்று காய்ந்து பலம் பெற்ற பிறகுதான் மேலே வயிறு, கழுத்து, தலை. மானாமதுரை கடம் அந்த நாதம் தருவதற்கும் இந்தத் தட்டல் ஒரு முக்கியக் காரணம். ஆக, முதலில் வாங்க வேண்டியது கத்தி அல்ல, நல்ல தட்டுப்பலகை. வழவழப்பான பழைய மரக்கரண்டி இருந்தால் அதுவே போதும்.

அடுத்தது குடையும் கருவி. குதிரை உள்ளே வெற்றிடமாக இருப்பதற்குக் காரணம் எடை மட்டுமல்ல. கனமான மண்ணுக்குள் ஈரம் தங்கிவிட்டால், சூளையில் அது நீராவியாகி உருவத்தையே உடைத்துவிடும். வீட்டில் செய்வதைச் சுடப்போகிறீர்கள் என்றால் கம்பி வளையம் வைத்த குடைவான் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். கம்பியை இழுத்துப் பாருங்கள். கைப்பிடியில் ஆடினால் வேண்டாம். காயவைத்துக் கரைக்கப் போகும் பிள்ளையாருக்கு அதுகூடத் தேவையில்லை.

மீதியெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது. சிரட்டைத் துண்டின் விளிம்பை சிமென்ட் தரையில் தேய்த்தால் வளைவுகளை வழிக்க அருமையான சாதனம். பழைய சீப்பின் பல்லால் இரு பக்கமும் கீறி, கரைத்த மண்ணைத் தடவி ஒட்டினால் தும்பிக்கை கழன்று விழாது. மண் அறுக்க நூல். நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டையில் அதற்கா பஞ்சம்? கண், நகம், நகைவேலைக்கு மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளலாம். அந்த முப்பது உருப்படி செட்டில் பாதி, ஒரே வேலையை வேறு வேறு வளைவில் செய்பவைதான்.

நம் வறண்ட பூமியில் எந்தக் கடையும் கருவியாக விற்காத ஒன்று உண்டு: ஈரச்சாக்கு. சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் காது செய்து முடிப்பதற்குள் உடம்பு காய்ந்துவிடும். காய்ந்ததும் ஈரமானதும் ஒட்டினால் அந்த இடத்தில்தான் விரிசல் விழும். வேலை செய்யாத பகுதியை மூடியே வையுங்கள். உலர்ந்த பொம்மையைச் சுரண்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி மண். தோட்டத்துக் கரிசலைத் தோண்டி எடுக்காதீர்கள். தண்ணீர் பட்டால் அநியாயத்துக்கு உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கண்மாய்க் களிமண்ணோடு மணல் கலந்ததுதான் தோது. மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியர் அனுமதியோடு நீர்நிலைகளில் கட்டணமின்றிக் களிமண் எடுக்க 2024-ல் தமிழக அரசு வழிசெய்தது. இருந்தாலும் பல கோயில்களில் மண் குதிரை நின்ற இடத்துக்கு சிமென்ட் குதிரை வந்துவிட்டது. சிமென்ட் குதிரைக்கு வருஷா வருஷம் வேளார் தேவையில்லை, அதுதான் சங்கடம்.

அதனால் பாக்கெட் களிமண்ணுக்குப் போகாமல், பக்கத்தில் பானை செய்கிறவர்களிடம் இரண்டு கிலோ கேட்டு வாங்குங்கள். சலித்துப் பிசைந்த மண்ணாகக் கேளுங்கள். நம் பக்கத்து மண்ணில் சுக்கான் கல் துணுக்கு இருக்கும். அது தெரியாமல் உள்ளே தங்கிவிட்டால், சுட்டு எடுத்துப் பல நாள் கழித்துக்கூட ஈரக்காற்று பட்டு உப்பி, பொம்மையின் மேல்தோலைத் தெறிக்கவிடும்.