காரியாலய மாடியில் கதிரவன்

மொட்டை மாடியில் வடாம் பிழிந்து உலர்த்தும் நம் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: தண்ணீர்த் தொட்டியின் நிழல் பத்து மணிக்கு எங்கே விழும், மூன்று மணிக்கு எங்கே நகரும் என்பது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க இடம் பார்க்க வரும் இஞ்சினீயர் முதலில் கவனிப்பதும் அதையேதான்!

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் சிலிக்கான் மின்கலத்தைச் செய்து காட்டியபோது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. இன்றைய பலகைகளில் இருபது பங்குக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே காரியாலயம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் ஆசை பிறந்திருக்கிறது. நியாயமான ஆசைதான். வீட்டில் விளக்கெரிவது இரவில், காரியாலயத்தில் ஏ.சி. ஓடுவதோ வெயில் காயும் அதே பகலில்.

ஆனால் கணக்கு?

சென்னையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. மேல்தளம் 5,000 சதுர அடி என்று வைத்துக் கொள்வோம். லிப்ட் அறை, தொட்டி, ஏ.சி. யந்திரங்கள், ஆள் நடக்க வழி, இவற்றின் நிழல் எல்லாம் போக 3,000 மிஞ்சினால் அதிர்ஷ்டம். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வீதம் 30 கிலோவாட். கிலோவாட்டுக்குத் தினம் சராசரி நாலு யூனிட் என்றால் 120 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றே காரியாலய நேரத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட் விழுங்கிவிடும். ஆக, பத்து ஏ.சி.க்குக் காணும். ஐந்து மாடிக்கும் சேர்த்து மொட்டை மாடி ஒன்றுதானே! கட்டணம் குறையும், வாஸ்தவம். 'இனிக் கட்டணமே கிடையாது' என்று சொல்லிக் கொண்டு யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நிழலுக்குப் பொல்லாத மாதம் மார்கழி. டிசம்பர் 22-ஆம் தேதி வாக்கில் நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். பத்தடி உயரத் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். காலை ஒன்பது மணிக்கோ பதினைந்தடிக்கும் மேல்! பலகைகளைச் சரமாகக் கோத்திருப்பதால், ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் சோர்ந்து போகக்கூடும். சித்திரையில் வந்து அளக்கிறவரிடம், மார்கழி நிழலுக்கும் கணக்குப் போட்டாரா என்று கேளுங்கள். பக்கத்து மனை காலியாயிருந்தால், நாளை அங்கே எத்தனை மாடி எழும்பலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: வெயிலை உண்டு வாழும் இந்தப் பலகைக்குச் சூடு ஆகாது. மூன்று டிகிரி ஏறினால் சுமார் ஒரு சதவீதம் மின்சாரம் குறையும். அதோடு, வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால், பாட்டரி இல்லாத சாதாரண அமைப்பும் பட்டப்பகலில் நின்றுவிடும். தெருக் கம்பியைப் பழுது பார்க்கும் ஆளுக்கு ஆபத்து வரக்கூடாதென்று செய்த ஏற்பாடு அது.

2016-ல் வந்த வர்தா புயலைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பலகைகளைத் தளத்தோடு இறுக்கிப் பிணைத்தாக வேண்டும். அதற்குத் துளை போட்டால், ஐப்பசி மழை அந்த வழியே இறங்கும். ஒழுகினால் செப்பனிட வேண்டியவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.