உறைந்து நிற்கும் கணினி

சென்ற தவணை விடுமுறையிலே கட்டைபறிச்சானிலிருந்து மாணவன் ஒருவன் கண்கலங்கி என்னிடம் வந்தான். செயற்றிட்ட அறிக்கை முடியுந் தறுவாயில் அவன் வீட்டுக் கணினியின் திரை அசைவற்று நின்றுவிட்டதாம். பதறி மின்னை நிறுத்தினான். அன்று பகல் முழுவதும் எழுதிச் சேமியாதிருந்த பக்கங்கள் மறைந்தன.

"சேர், அது செத்துப்போயிற்று என்றே நினைத்தேன்" என்றான்.

"செத்ததா, காத்திருந்ததா என்று பார்த்தாயா?" என்று கேட்டேன். அவனிடம் விடையில்லை.

நாடி பாராது மருந்து கொடுக்கும் பரியாரியை நாம் நம்புவதில்லை. கணினிக்கும் நாடி உண்டு. விசைப்பலகையிலுள்ள 'கப்ஸ் லொக்' விசையை அழுத்துக. அதற்குரிய சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், இயந்திரம் உயிரோடிருக்கின்றது. செய்நிரல் ஒன்றே முடங்கியது எனக் கொள்ளலாம். விளக்கும் மாறாது, சுட்டியும் நகராதாயின், முடக்கம் இயந்திரம் முழுவதையும் பற்றியதாகும்.

விண்டோஸ் முறையிலே, ஒரு சாளரம் ஏறத்தாழ 5 வினாடி ஆணைகளை ஏற்காதிருப்பின், 'பதிலளிக்கவில்லை' என்ற சொல் தோன்றும். அது மரணச் சான்றிதழன்று. அழைத்தேன், மறுமொழி இல்லை என்ற அறிவிப்பே. அவ்வேளை கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அச்செய்நிரலின் நேரே சீ.பீ.யூ. அளவு ஓயாது உயர்ந்து நிற்பின், அது பெருங்கணக்கில் மூழ்கியிருக்கலாம், அன்றி முடிவிலாச் சுழலில் அகப்பட்டிருக்கலாம். அளவு சுழியமாயின், அது பிறிதொன்றுக்காகக் காத்திருக்கின்றது. வன்றட்டின் அளவு 100 வீதமாயின், தட்டு ஓயும்வரை பொறுத்தலே நன்று.

ஒடுங்கிய வரம்பிலே எதிரெதிரே வந்த இரு வண்டிகள், 'நீ முதலில் விலகு' என நிற்பதுபோல, இரு பணிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்றலும் உண்டு. அந்நிலையில் எத்துணை காத்தும் பயனில்லை.

1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்பைண்டர் கலத்தின் கணினியும் இதனையொத்த சிக்கலால் அடிக்கடி தானாகவே மீளத்தொடங்கியது. உயர்ந்த பணியொன்று தனக்கு வேண்டிய பொதுவளத்தைத் தாழ்ந்த பணியொன்று விடுவிக்கும்வரை காத்துநின்றது. தாழ்ந்த பணியையோ இடைத்தரப் பணி தொடரவிடாது தடுத்தது. பொறியியலாளர் பூமியிலிருந்த ஒத்த கணினியிலே அக்குறையை மீண்டும் தோற்றுவித்து, காரணத்தைக் கண்டு, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர்.

'இது முடியுமா, முடியாதா?' என எல்லாச் செய்நிரல்களுக்கும் விடைகூறும் பொதுமுறை இருத்தல் இயலாது என்பதை ஆங்கிலக் கணித அறிஞர் அலன் டூரிங் 1936இல் நிறுவினார். ஆதலின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும்.

பொறுமை எல்லை கடந்ததும், முதலில் திரையிலே தெரியும் எழுத்துக்களைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்துக் கொள்க. பின்னர் முடங்கிய செய்நிரலை மட்டும் நிறுத்துக. மின்னை நிறுத்தல் கடைசி மருந்தாகும்.

அம்மாணவன் இரவிருந்து இழந்த பக்கங்களை மீண்டும் எழுதி, குறித்த நாளிலே அறிக்கையை ஒப்படைத்தான். இப்பொழுது பத்தியொன்று முடியுந்தோறும் சேமிக்கின்றான்.