சூடு பட்டால் சுருங்கும் ஜெல்லி!

கடல்பாசி காய்ச்சியிருக்கிறீர்களா? சூடாக இருக்கும்போது அது தண்ணீர் மாதிரி இருக்கும். ஆறினால் இறுகிவிடும். மறுபடி அடுப்பில் வைத்தால் கரைந்து விடும்.

இதற்கு நேர்மாறான ஒரு ஜெல்லி இருக்கிறது!

குளிர்ந்த தண்ணீரில் போட்டால், அது தண்ணீரைக் குடித்து உப்பும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீரைச் சூடாக்குங்கள். ஏறத்தாழ 32 டிகிரியைத் தாண்டியதும் ஜெல்லி வெளுத்துப் போகும். குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கும். ஆறவிட்டால் பழையபடி உப்பும்.

32 டிகிரி பெரிய சூடு அல்ல. நமது உடம்பின் சூடே 37 டிகிரி!

நூல் உருண்டை

இந்த ஜெல்லியின் பெயர் பாலி-ஐசோபுரொபைல் அக்ரிலமைடு. பயந்துவிடாதீர்கள். "பினிபாம்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் பின்னிக் கிடக்கின்றன. நூலின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும். இன்னொரு பகுதி எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு சேராது. குளிர்ச்சியில் தண்ணீர் நூலைச் சுற்றி ஒட்டிக் கொண்டிருக்கும். நூலும் விரிந்து கிடக்கும். சூடு ஏறினால் தண்ணீர் பிடியை விட்டுவிடும். எண்ணெய்ப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூல் சுருண்டு உருண்டையாகி விடும். அவ்வளவுதான் ரகசியம்!

களிமண் செய்த மாயம்

ஆனால் ஒரு தொல்லை. சாதாரண பினிபாம் ஜெல்லியை இழுத்தால் பட்டென்று உடையும். நூல்களைச் சேர்க்கும் முடிச்சுகள் தாறுமாறாக இருப்பதே காரணம். குட்டை நூல் முதலில் அறும். பிறகு பக்கத்து நூல் அறும்.

ஜப்பான் விஞ்ஞானி ஹராகுச்சி 2002-ல் ஒரு வழி சொன்னார். முடிச்சுகளை நீக்கினார். களிமண்ணைப் போட்டார்!

பானை செய்யும் களிமண் அல்ல. இது வட்டத் தகடுகளாக இருக்கும். அகலம் 30 நானோ மீட்டர். கனம் 1 நானோ மீட்டர். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் நானோ மீட்டர்.

ஒவ்வொரு தகட்டிலும் பல நூல்கள் ஒட்டிக் கொள்கின்றன. இந்த ஜெல்லியைப் பத்து மடங்கு நீளத்துக்கு இழுக்கலாம். கயிறு போல முடிச்சும் போடலாம். உடையாது!

சூடாக்கினால் தகடு சுருங்காது. நூல்தான் சுருளும். தகடுகள் நெருங்கி வரும். களிமண்ணை அளவுக்கு மீறிப் போட்டாலோ, நூல்கள் சுருள முடியாமல் தகட்டோடு கட்டுண்டு போகும். சுருங்கும் குணமே போய்விடும்.

கண் தெரிந்தது

இதனால் யாருக்கு லாபம்?

தட்டில் வளர்த்த உயிரணுக்களைப் பெயர்த்தெடுக்க, வழக்கமாக மருந்து ஊற்றுவார்கள். அவை தனித்தனியாகப் பிரிந்து போகும். டோக்கியோ பேராசிரியர் ஒகானோ, தட்டின் மேல் பினிபாமை மெல்லியதாகப் பூசினார். 37 டிகிரியில் உயிரணுக்கள் ஒட்டி வளர்ந்தன. 20 டிகிரிக்குக் குளிர வைத்தார். பினிபாம் தண்ணீரைக் குடித்தது. உயிரணுக்கள் ஆடை போல முழுசாகப் பெயர்ந்து வந்தன!

ஜப்பானில் நான்கு பேருக்கு இரண்டு கண்களிலும் கருவிழியின் மேல்தோல் கெட்டுப் பார்வை மங்கியிருந்தது. அவர்களுடைய வாயின் உட்புறத்திலிருந்தே துளி சதை எடுத்து, அந்தத் தட்டில் ஆடையாக வளர்த்தார்கள். கண்ணில் வைத்தார்கள். தையல்கூடப் போடவில்லை. ஒட்டிக்கொண்டது!

2004-ல் டாக்டர்கள் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை செய்த நான்கு கண்களும் தெளிந்தன. பார்வை நன்றாகக் கூடியிருந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் கவனித்த பிறகும் கருவிழி தெளிவாகவே இருந்தது.