மடங்கும் இறக்கைகள்

வீட்டுக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறோம். விமானத்தின் இறக்கையையும் அப்படிக் கதவுபோல் திருப்பி மூட முடியுமா?

முடியும். 1925 பிப்ரவரி 22இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாத் என்னும் சிறு விமானம் இதற்கு நல்ல சான்று. மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கைகள் கொண்டது அது. இறக்கைகளை விரித்தால் அகலம் சுமார் 9 மீட்டர். மடக்கினாலோ சுமார் 3 மீட்டர்தான். சிறிய கொட்டகையே போதும்.

ஒவ்வோர் இறக்கைக்குள்ளும் முன்னும் பின்னுமாக இரண்டு மர விட்டங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பின் விட்டத்தின் அடியில் கீல் இருக்கிறது. முன் விட்டத்தை உடலோடு பிணைப்பது ஓர் உலோக ஊசி. மேல் இறக்கையின் கீலும் கீழ் இறக்கையின் கீலும் கதவின் இரு கீல்களைப் போல ஒரே கோட்டில் அமைந்துள்ளன. முன் ஊசிகளை உருவிவிட்டால் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து வாற்பக்கம் திரும்பும்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஊசியை உருவக் கூடாது. உருவினால் இறக்கைகளின் முன் மூலைகள் பிடிப்பை இழக்கும். இழுத்துக் கட்டிய கம்பிகளால் சட்டம் கோணலாகும். எனவே மேல் கீழ் இறக்கைகளுக்கு நடுவே முதலில் ஒரு தற்காலிக முட்டுக்கழியைப் பொருத்த வேண்டும்.

அடுத்த எதிரி காற்று. வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, தட்டையான பரப்பில் நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன் விசை தரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 240 நியூட்டன்! ஆகவே காற்றுப்படாத இடத்தில், சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்த பிறகே மடக்க வேண்டும். மடக்கியபின் இறக்கையை உடலோடு பூட்டிவிட வேண்டும்.

இறக்கைகள் பின்னால் போனதும் ஈர்ப்பு மையமும் பின்னால் நகர்கிறது. மாத் விமானம் வாலைத் தரையில் ஊன்றி நிற்பது. எனவே வால் முன்னிலும் கனக்கும். மூக்குச் சக்கரமுள்ள விமானமாயின் பின்புறம் சாய்ந்துவிடவும் கூடும். அதற்கு வாலின்கீழ் முட்டுக் கொடுப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மீண்டும் விரிக்கும் வேலை. பறக்கும்போது தூக்குவிசை, இறக்கை அகலத்தில் முன்னோரத்திலிருந்து ஏறத்தாழ கால் பங்குத் தொலைவில் செயல்படுகிறது. அது முன் விட்டத்திற்கு அருகில் அல்லவா? ஆகவே பெரும்பாரம் முன் ஊசிகளின் மேல்தான். ஊசி இல்லாவிட்டால் கீல் மட்டும் தாங்காது. இறக்கை முறுக்கிக்கொண்டு முறிந்துபோகும். தரையில் நிற்கும்போது இந்தக் குறை கண்ணில் படாமலே போகலாம். எனவே ஊசியைச் செருகி, அது நழுவாதபடி பூட்டூசியும் மாட்டி, இன்னொருவரையும் பார்க்கச் சொன்ன பிறகே புறப்பட வேண்டும்.

ஒரு சிறு சோதனை. கதவைக் கைப்பிடியருகே ஒரு விரலால் தள்ளுங்கள். பிறகு கீலருகே தள்ளுங்கள். எது எளிது? இறக்கையை மடக்குபவர் அதன் வெளிமுனைப் பக்கம் நின்று பிடிப்பது ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.