எலெக்ட்ரிக் கிடாரும் சங்கீதம் நாற்பதும்

'ராக்' என்றதும் நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது மூன்று. பரட்டைத் தலை, கஞ்சா, கிழிகிற காது ஜவ்வு. சர்ச்சுக்குப் போகிற பெரியவர்கள் என்றால் நாலாவதாகச் சாத்தானையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பாருங்கள் சார், அரங்கம் நிறைய ஆட்டம் போட வைத்துவிட்டு, கடைசியில் பைபிள் பாட்டோடு வீட்டுக்கு அனுப்பிய கோஷ்டி ஒன்று உண்டு.

பெயர் யு2. ஊர் அயர்லாந்தின் டப்ளின். 1976-ல் லாரி முல்லன் என்ற பையன், வாத்தியம் வாசிக்க ஆள் தேவை என்று பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் ஒட்டப்போய் சேர்ந்த நாலு பேர். பாடகர் போனோவுக்கு அம்மா புராட்டஸ்டண்ட், அப்பா கத்தோலிக்கர். பக்கத்து வட அயர்லாந்தில் இந்த இரண்டு தரப்பும் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது!

நாலில் மூன்று பேர் ஒரு ஜெபக் குழுவில் இருந்தார்கள். 1981-ல் அங்கே வந்தது வம்பு. கடவுளா, கிடாரா? கிடார்காரர் எட்ஜ் மூட்டை கட்டவே தயாராகிவிட்டார். அப்புறம், இரண்டையும் வைத்துக்கொண்டே வாழ்ந்து பார்க்கலாம் என்று தங்கினார். தங்கியதால் கிடைத்ததுதான் 'சண்டே ப்ளடி சண்டே'.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 1972 ஜனவரி 30. டெர்ரி நகரத்தில் விசாரணை இல்லாத சிறைவாசத்தை எதிர்த்து ஊர்வலம். பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள். இன்னொருவர் பிறகு. முதல் விசாரணை ராணுவத்தின் மேல் பெரிசாகப் பழி விழாமல் பார்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் பிரதமர் பார்லிமென்டில் மன்னிப்புக் கேட்க 2010 ஆகிவிட்டது. 38 வருஷம்!

இதற்கு ஐரிஷ்காரன் பாட்டு எழுதினால் எப்படி இருக்கும்? 'பழிக்குப் பழி' என்றுதானே? 1983-ல் வந்த பாட்டில் அது இல்லை. கொலையைப் பாடுகிறது, ஆனால் எந்தத் துப்பாக்கிக்கும் ஜே போடவில்லை. ஏசுவின் வெற்றியைச் சொல்லி முடிகிறது. அந்த வருஷ மேடைகளில் இந்தப் பாட்டின்போது போனோ கையில் இருந்தது வெள்ளைக் கொடி. கலர் கிடையாது, கட்சி கிடையாது.

வெள்ளைக் கொடி பிடிப்பது சுலபம் என்பீர்கள். 1987 நவம்பர் 8-ஐக் கேளுங்கள். எனிஸ்கில்லன் ஊரில் போர் நினைவுச் சின்னத்தருகே அஞ்சலிக்குக் கூடியவர்கள் மத்தியில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்து 11 பேர் பலி. முக்கால்வாசி வயசானவர்கள். அன்றைக்கு ராத்திரி அமெரிக்காவின் டென்வரில் யு2 கச்சேரி. பாட்டின் நடுவில் போனோ வெடித்தார். தூரத்தில் உட்கார்ந்து 'புரட்சி, புரட்சி' என்று பேசும் அமெரிக்க ஐரிஷ்காரர்களைப் பிடித்து ஒரு வாங்கு. புரட்சிக்கு அவர் சேர்த்த அடைமொழியை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அடுத்த வருஷம் 'ராட்டில் அண்ட் ஹம்' படத்தில் ஊரே அதைப் பார்த்தது.

அந்தக் காலத்தில் கச்சேரியின் கடைசிப் பாட்டு பெரும்பாலும் '40'. பைபிளின் நாற்பதாம் சங்கீதம். (தமிழ் பைபிளில் அதற்குப் பெயரே சங்கீதம்தான் என்பது நம்ம அதிர்ஷ்டம்!) வாசித்தவர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கிப் போவார்கள். ஜனம் மட்டும் பாடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவன் கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்டா என்று யாரும் கேட்பதில்லை.

பி.காம். படித்த புத்தி, வரவை எழுதினால் பற்றையும் எழுதச் சொல்கிறது. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் போராடியவர் போனோ. அவருடைய குழு 2006-ல் தன் வியாபாரத்தில் ஒரு பகுதியை வரிச் சலுகைக்காக நெதர்லாந்துக்கு மாற்றியது. 'ஊருக்கு உபதேசமா?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இருந்தாலும் டென்வர் ராத்திரி வரவு பக்கத்தில்தான் நிற்கிறது. எதிராளியைத் திட்டிப் பாட நல்ல தொண்டையும் நாலு ஸ்பீக்கரும் போதும். நம்ம பக்கத்து ஆளை, நமக்கே கை தட்டுகிற கூட்டத்தின் முன்னால், 'நிறுத்துடா' என்று சொல்ல வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.


அதை அவர்கள் சங்கீதப் புத்தகத்தில் எடுத்தார்கள். நாம் எங்கே எடுக்கப் போகிறோம்?