கல்லீரல் மாற்று நிபுணருக்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்பவர்களில் பலர் மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். அறுவை அரங்கு, வகுப்பு, ஆய்வுக்கூடம் மூன்றுக்கும் அவர்கள் நேரத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது. இத்தனை தேர்ந்த கைகள் முழுநேரமும் அறுவை அரங்கிலேயே இருந்தால் இன்னும் பலர் பிழைப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சிகிச்சையைப் பெற்றெடுத்ததே ஆய்வுக்கூடம்தான். அமெரிக்க நிபுணர் தாமஸ் ஸ்டார்சலின் பணிவாழ்க்கை அதற்குச் சான்று.

பழைய கல்லீரலை எடுக்கும்போது, குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் சிரையையும், உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையையும் அடைக்க வேண்டும். அடைத்தால் ரத்தம் கீழேயே தேங்கிவிடும். 1950களின் இறுதியில் நாய்களிடம் செய்த ஆய்வுகளில், குழாய் வைத்து அந்த ரத்தத்தை மேலே திருப்பிவிட ஸ்டார்சல் வழி கண்டார். 1963 மார்ச் 1 அன்று டென்வரில் மனிதருக்கு முதன்முதலாக மாற்றுக் கல்லீரல் பொருத்த முயன்றார். 3 வயதுக் குழந்தை ரத்தப்போக்கு நிற்காமல் அறுவை மேசையிலேயே இறந்தது. அடுத்து அங்கே சிகிச்சை பெற்றவர்களில் ஒருவரும் 23 நாளுக்கு மேல் வாழவில்லை. நாய்களைக் காப்பாற்றிய அதே குழாயில் மனித ரத்தம் உறைந்தது. ரத்தக்கட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்தன. பிணப் பரிசோதனைதான் இதைக் காட்டியது. கைத்திறன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஸ்டார்சல் அறுவையை நிறுத்திவிட்டு மூன்றாண்டுக்கு மேல் ஆய்வுக்கே திரும்பினார். 1967இல் அவர் கல்லீரல் பொருத்திய ஒன்றரை வயதுச் சிறுமி ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தாள்.

அப்படியானால் முதல் நோயாளிகள் சோதனைப் பொருள்கள்தானா என்று கேட்கலாம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்ற பதில் எனக்குப் போதவில்லை. வேறு வழியில்லாதவரின் சம்மதம்தான் மிகவும் பலவீனமானது. தோல்விகளை 1963இலேயே ஆய்விதழில் விரிவாக எழுதியதும், காரணம் புரியும்வரை கத்தியைக் கீழே வைத்ததுமே அந்த முயற்சிக்கு அறத்தின் துணை தருகின்றன. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தின் கதையும் ஆய்வின் தேவையையே சொல்கிறது. கேம்பிரிட்ஜில் அறுவை நிபுணர் ராய் கான் சைக்ளோஸ்போரின் என்ற அத்தகைய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஸ்டார்சல் அதோடு ஸ்டீராய்டைச் சேர்த்தார். மூன்றில் ஒருவர் மட்டுமே ஓராண்டு வாழ்ந்த நிலை மாறி, ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வாழ்ந்தார்கள். இடுக்கியையும் தையல் ஊசியையும் மட்டும் நம்பியிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. 1990களின் தொடக்கத்தில் அறுவை செய்வதை விட்ட பிறகும் ஸ்டார்சல் ஆய்வை விடவில்லை. பல்லாண்டு வாழ்ந்த பழைய நோயாளிகளைச் சோதித்து, கொடையாளரின் உயிரணுக்கள் அவர்களுடைய தோலிலும் ரத்தத்திலும் கலந்து வாழ்வதை 1992இல் அவருடைய குழு அறிவித்தது. மாற்றுறுப்பை உடல் எப்படி ஏற்றுக்கொள்கிறது, மருந்தை யாருக்கு நிறுத்திப் பார்க்கலாம் என்ற ஆய்வுகளுக்கு அது புதிய பாதை திறந்தது.